கடல் கடந்து வந்த நாயகன்: ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள்

பி.ஆர்.பந்துலு தயாரித்து இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965 ஜூலை 9 அன்று வெளியானது. மணிமாறன் என்ற மருத்துவன், கொடுங்கோல் ஆட்சியை எதிர்க்கும் கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்ததற்காகக் கைதாகிறான். தீவு ஒன்றுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறான். அங்கிருந்து சக அடிமைகளோடு தப்பிக் கப்பலேறி, கடற்கொள்ளையர் கூட்டத்தில் சிக்கி, கடைசியில் தன் மக்களுக்கு விடுதலை தேடித் தருகிறான். மணிமாறனாக எம்.ஜி.ஆர்., தீவின் இளவரசி பூங்கொடியாக ஜெயலலிதா, கொள்ளையர் தலைவனாக எம்.என்.நம்பியார், நாயகனின் துணையாக நாகேஷ் நடித்தனர். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இரட்டையராகச் சேர்ந்து இசையமைத்து வந்த காலத்தின் கடைசிப் படம் இது. ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தின் கடற்காட்சிகள் கர்நாடகத்தின் கார்வார் கரையில் படமாயின.

கதை இவ்வளவுதான். ஆனால் இந்தப் படம் எத்தகையது என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆங்கிலப் படத்தின் நகல் என்றார்கள். திராவிட இயக்கத்தின் உருவகம் என்றார்கள். ஒரு நடிகரை முதலமைச்சர் நாற்காலி வரை கொண்டுபோன பிம்பத்தின் ஒரு படி என்றார்கள். வெறும் பொழுதுபோக்கு, அதற்கு மேல் தேட ஒன்றுமில்லை என்றவர்களும் உண்டு. ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது, எதை விளக்குகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

நகல் என்ற வழக்கு

முதல் விடைக்கு ஆதாரம் வலுவானது. 1935-இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘கேப்டன் பிளட்’ படத்தின் கதைப்போக்கு ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் ஏறக்குறைய முழுமையாகத் தெரிகிறது. அந்தப் படத்துக்கு மூலம் ரஃபேல் சபாட்டினி 1922-இல் வெளியிட்ட நாவல். நாவலுக்குப் பின்னால் உண்மை வரலாறும் இருக்கிறது. 1685-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக மான்மவுத் பிரபு நடத்திய கலகம் ஜூலை 6 அன்று செட்ஜ்மூர் போரில் நசுக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட, நூற்றுக்கணக்கானோர் மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களுக்குக் கட்டாய உழைப்பாளிகளாக அனுப்பப்பட்டனர். ஹென்றி பிட்மன் என்ற மருத்துவர் அப்படி பார்படோஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து படகில் தப்பி, தன் அனுபவத்தை 1689-இல் அச்சிட்டார். காயம்பட்ட கலகக்காரனுக்கு மருந்திட்டதற்காக அடிமையாகும் மருத்துவன் என்ற கரு அங்கிருந்து நாவலுக்கும், நாவலிலிருந்து ஹாலிவுட்டுக்கும், ஹாலிவுட்டிலிருந்து பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸுக்கும் வந்து சேர்ந்தது.

ஆகவே கதை இரவலா என்பதில் வழக்குக்கு இடமில்லை, இரவல்தான். கடற்கரைப் பாறைகளிடையே நாயகனும் கொள்ளையர் தலைவனும் மோதும் வாள்சண்டையில்கூட எரால் ஃபிளின், பேசில் ராத்போன் ஆகியோரின் சண்டை நிழலாடுகிறது. ஆனால் இந்த விடை இங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் அதன் குறை. எதை எடுத்துக்கொண்டார்கள் என்று பட்டியல் போடுபவர்கள், எதை விட்டார்கள் என்று கேட்பதில்லை.

விட்டது கொஞ்சமல்ல. ஆங்கிலக் கதையில் நாயகன் அயர்லாந்துக்காரன். அவனைச் சுற்றிக் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையிலான பகையும், இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் கடற்போட்டியும் ஓடுகின்றன. அவனுக்கு விடுதலை கிடைப்பதும் வெளியிலிருந்துதான். 1688-இல் லண்டனிலிருந்து ஜேம்ஸ் மன்னர் ஓடிப்போக, பிறகு ஆரஞ்சின் வில்லியம் அரியணை ஏறுகிறார். தன்னைத் தண்டித்த மன்னரே இல்லாமல் போனதால் கொள்ளையன் அரசு அதிகாரியாகிறான். தமிழ்ப் படத்தில் லண்டனுக்கு இணையான ஓர் இடமே கிடையாது. நெய்தல் நாடு, கன்னித்தீவு என்ற கற்பனை நிலங்களுக்குள்ளேயே அநீதியும் அதற்குப் பரிகாரமும் நிகழ்ந்தாக வேண்டும். மேலிருந்து அரசாங்கம் மாறி வந்து மீட்கும் வழி அடைபட்டுவிட்டதால், மீட்பின் சுமை முழுவதும் நாயகன் தோளிலும் அவனோடு நிற்கும் அடிமைகளின் ஒற்றுமையிலும் விழுகிறது. கதையின் எடை இதனால் இடம் மாறுகிறது. ஆங்கிலப் படத்தில் அடிமைத்தனம் நாயகனைக் கடலுக்குத் தள்ளும் காரணம். தமிழில் அதுவே படத்தின் பொருள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1935-இல் எரால் ஃபிளின் அநேகமாக யாருக்கும் தெரியாதவர். ராபர்ட் டோனட் ஒதுங்கிக்கொண்டதால் வாய்ப்பு அவருக்கு வந்தது. அந்தப் படம் ஒரு நட்சத்திரத்தை உண்டாக்கியது. 1965-இல் எம்.ஜி.ஆருக்கு வயது 48. ‘நாடோடி மன்னன்’ வெளிவந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு பொங்கலுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வந்து பெருவெற்றி பெற்றிருந்தது. முன்பே நிறைந்திருந்த ஒரு பிம்பத்துக்குள் கதை ஊற்றப்பட்டது. ஆகவே இரண்டு படங்களையும் கதையை வைத்து மட்டும் ஒப்பிடுவது பாதி ஒப்பீடுதான்.

கட்சிப் படமா?

இரண்டாவது விடை அரசியலிலிருந்து வந்தது. எம்.ஜி.ஆர். 1953 முதல் தி.மு.க.வில் இருந்தவர், 1962-இல் மேலவை உறுப்பினரானவர். கொடுங்கோலாட்சி நடக்கும் நாடு, கடலுக்கு அப்பால் அடிமைகளாகக் கிடக்கும் மக்கள், அவர்களைத் திரட்டும் தலைவன் என்ற அமைப்பில் திராவிட இயக்கத்தின் மேடைப்பேச்சைக் கேட்பது கடினமல்ல. ஏன் என்று கேள்வி கேட்பதைப் போற்றும் பாடலில் பகுத்தறிவுக் கொள்கையின் எதிரொலியைக் கண்டவர்கள் உண்டு. வானத்துப் பறவையைக் காட்டி விடுதலையைப் பாடும் கூட்டுப்பாடல் கட்சி மேடைகளின் ஒலிபெருக்கிகளுக்கு இயல்பாகப் பொருந்தியது.

காலமும் இதற்குத் துணை நிற்கிறது. 1965 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் தமிழகத்தை உலுக்கியது. அது ஓய்ந்து ஐந்து மாதங்களில் படம் திரைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்து 1967-இல் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. திராவிட இயக்கத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1970-களில் எழுதிய கட்டுரைகள், கட்சிக் கொடி, நிறங்கள், உதயசூரியன், அண்ணாவின் பெயர் போன்ற குறிகள் படங்களுக்குள் எப்படி நுழைக்கப்பட்டன என்று விளக்கின. தணிக்கைக்கு நேரடி அரசியல் ஆகாது. ஆகவே குறிகளால் பேசினார்கள்.

ஆனால் அந்த அளவுகோலை இந்தப் படத்தின்மீது வைத்துப் பார்த்தால் தேறுவது குறைவு. ‘நாடோடி மன்னன்’ எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பு. கொடி பிடித்து நிற்கும் ஆணும் பெண்ணுமே அந்த நிறுவனத்தின் சின்னம். ‘ஆயிரத்தில் ஒருவன்’ அப்படியல்ல. தயாரிப்பாளர் கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ் அனுதாபியான சிவாஜி கணேசனை வைத்து தேசிய வரலாற்றுப் படங்களை எடுத்துப் பெயர் வாங்கியவர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விடுதலைப் பறவையின் பாட்டை எழுதிய கண்ணதாசன் 1961-இலேயே தி.மு.க.வை விட்டு வெளியேறி ஈ.வெ.கி.சம்பத்தின் தமிழ்த் தேசியக் கட்சிக்குச் சென்றவர். கட்சிப் பாட்டாகவே ஆகிப்போன பாட்டின் ஆசிரியர், அதை எழுதியபோது அந்தக் கட்சிக்கு எதிர் முகாமில் இருந்தார்.

கால நெருக்கத்தையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கப்பல், கடற்கரை, வண்ணம், பெருங்கூட்டம் என்று விரியும் படத்தின் கதையும் வசனமும் வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். போராட்டத்தை மனத்தில் வைத்துப் படம் திட்டமிடப்பட்டது என்று சொல்வதைவிட, போராட்டத்தைக் கண்ட கண்களோடு மக்கள் படத்தைப் பார்த்தார்கள் என்று சொல்வதே பொருத்தம். இவ்விரண்டையும் ஒன்றாக்கியதால்தான் இந்த விடை இழுக்குப்படுகிறது. ஆக்கியோர் நோக்கத்துக்கு இது சான்றாகாது. பார்த்தோர் வாசிப்புக்குச் சான்றாகக்கூடும்.

பிம்பத்தின் கணக்கு

எம்.ஜி.ஆர். 1977-இல் முதலமைச்சரான பிறகு கேள்வியே மாறியது. படத்துக்குள் கட்சி இருக்கிறதா என்பது போய், கட்சியை மிஞ்சி நின்ற நடிகரை மக்கள் ஏன் நம்பினார்கள் என்பது முன்னுக்கு வந்தது. இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக வைத்து 1981-இல் எழுதினார். அனைத்துச் சாதியாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்க்கும் முதல் கலைக்கூடம் திரையரங்கு என்று அவர் சுட்டியது பின்னால் வந்த பலருக்கும் தொடக்கப்புள்ளியாயிற்று. எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட எம்.ஜி.ஆர். பற்றிய நூல் இதை மேலும் கூர்மையாக்கியது. மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் போன்ற நாட்டார் கதைப்பாடல் வீரர்களின் எதிர்ப்பு மரபை எம்.ஜி.ஆர். படங்கள் உள்வாங்கிக்கொண்டன, ஆனால் அந்த வீரர்கள் கொல்லப்படுகிறார்கள், எம்.ஜி.ஆர். நாயகனோ வெல்கிறான். திரையில் கிடைத்த இந்த வெற்றி ஏழைகளின் சம்மதத்தைப் பெற்றுத்தந்தது. அவர் ஆட்சியில் அந்த ஏழைகளுக்குக் கிடைத்ததோ அதற்கு ஈடாகவில்லை என்பது பாண்டியனின் வாதம். அடுத்த ஆண்டு வெளியான சாரா டிக்கியின் ஆய்வு, மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் மக்களோடு பேசி எழுதப்பட்டது. பார்வையாளர்கள் ஏமாளிகள் அல்லர், படத்தின் கற்பனையை அறிந்தே அனுபவிக்கிறார்கள் என்ற பக்கத்தை அது வலியுறுத்தியது. மாதவ பிரசாத் 2014-இல் வெளியிட்ட நூல், தென்னிந்திய நட்சத்திரங்களை மொழிவழி மாநிலங்களின் அரசியலோடு சேர்த்து, இறையாண்மைக்கு மாற்றான ஒரு நிழல் ஏற்பாடாக அணுகியது.

இந்த ஆய்வுகளால் தமிழ் சினிமா பற்றிய பேச்சு கிசுகிசு நிலையிலிருந்து மேலெழுந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் தனிப்படம் ஒன்றை விளக்குவதில் அவற்றுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ரிக்‌ஷாக்காரன், படகோட்டி, விவசாயி, மீனவ நண்பன் என்று நாயகன் எந்த வேடம் போட்டாலும் பிம்பக் கோட்பாடு ஒரே விளக்கத்தைத் தருகிறது. மணிமாறனோ உழைப்பாளி அல்லன், படித்த மருத்துவன். அடிமைகளோடு அடிமையாக வாழ்ந்தாலும் அவர்களுக்கு அறிவுரை சொல்லும் இடத்தில்தான் இருக்கிறான். 1964-இல் வந்த ‘படகோட்டி’ படத்து மீனவனுக்கும் இவனுக்கும் கடல் மட்டுமே பொது. ஒருவனுக்குக் கடல் பிழைப்பு, மற்றவனுக்கு அது தண்டனை, பிறகு தப்பும் வழி. இந்த வேறுபாட்டைப் பிம்பம் என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது.

பந்துலுவின் இரண்டு கப்பல்கள்

மேற்கண்ட விடைகள் மூன்றும் நடிகரையே மையமாக வைப்பதால் இயக்குநர் காணாமல் போகிறார். பந்துலுவை மையத்துக்குக் கொண்டுவந்தால் வேறொரு கேள்வி எழுகிறது. நான்கு ஆண்டுகளுக்குள் அவர் இரண்டு கப்பல்களைத் திரையில் ஓட்டினார். உண்மைக் கப்பல் மூழ்கியது. கற்பனைக் கப்பல் கரை சேர்ந்தது. ஏன்?

1961 நவம்பர் 7 அன்று வெளியான ‘கப்பலோட்டிய தமிழன்’ ம.பொ.சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியதும், 1908-இல் கைதாகிச் சிறையில் செக்கிழுத்ததும், 1912-இல் விடுதலையானபோது நிறுவனமும் கப்பலும் கையை விட்டுப் போயிருந்ததும் அதன் கதை. வ.உ.சி.யாக சிவாஜி கணேசன், பாரதியாக எஸ்.வி.சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே.சண்முகம் நடித்தனர். பாராட்டு குவிந்தது, வசூல் தோற்றது. தமிழ் சினிமாவின் மனச்சாட்சியை உறுத்தும் தோல்வியாக அது இன்றும் பேசப்படுகிறது.

அந்தத் தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. நாயகன் முதுமையிலும் வறுமையிலும் முடிவதால் படம் சோகத்தில் கனத்தது என்பது ஒன்று. அதே ஆண்டு ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்று சிவாஜியின் குடும்பப் படங்கள் வரிசையாக வென்றிருக்க, ரசிகர்கள் அவரிடம் எதிர்பார்த்தது வேறாக இருந்தது என்பது மற்றொன்று. தேசிய இயக்கத்தின் ஒளி மங்கி, திராவிட இயக்கம் எழுந்த காலத்தில் காங்கிரஸ் தியாகியின் கதை எடுபடவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவது காரணம் அடிக்கடி சொல்லப்படுவது. ஆனால் அதே இயக்குநரும் நடிகரும் 1959-இல் தந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பெருவெற்றி பெற்றதை அது விளக்குவதில்லை. கட்டபொம்மனும் தூக்கில்தான் முடிகிறான். ஆகவே சோகமும் தனியாகக் காரணமாகாது. வாளும் வீரவசனமும் இருந்த தோல்வியை மக்கள் ஏற்றார்கள். கணக்குப் புத்தகமும் பங்குப் பத்திரமும் நீதிமன்றமும் கொண்ட தோல்வியை ஏற்கவில்லை என்பதே கிட்டத்தட்ட பொருந்துகிறது. வணிக நிறுவனம் ஒன்று நசுக்கப்பட்டதைச் சாகசமாகக் காட்டுவது எளிதல்ல. வ.உ.சி.யின் பெருமை அங்கேதான் இருக்கிறது. திரைக்கு ஒவ்வாததும் அதுதான்.

1964-இல் ‘கர்ணன்’ படத்தின் பெருஞ்செலவும், அதே ஆண்டு தீபாவளிக்கு ஒரே நாளில் வந்த ‘முரடன் முத்து’, ‘நவராத்திரி’ ஆகிய இரண்டில் எது சிவாஜியின் நூறாவது படம் என்பதில் எழுந்த மனத்தாங்கலும் பந்துலுவை எம்.ஜி.ஆரிடம் கொண்டுசென்றன என்று திரை வரலாறுகள் சொல்கின்றன. தன் கன்னடப் படமான ‘சின்னத கொம்பே’ மூலம் அறிமுகப்படுத்திய ஜெயலலிதாவை அவர் உடன் அழைத்துவந்தார். இந்தப் பின்னணியில் பார்த்தால் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பந்துலுவின் வேலையில் ஒரு முறிவாக அல்லாமல், ஒரு திருத்தமாகத் தோன்றுகிறது. அந்நிய ஆட்சி, சிறைப்பட்ட நாயகன், கப்பல், விடுதலை என்ற அதே பொருள்கள். வரலாற்றின் பாரம் மட்டும் இறக்கிவைக்கப்பட்டது. கப்பல் இப்போது வங்கக் கடலிலோ கொழும்புப் பாதையிலோ ஓடவில்லை. எந்தத் தேசப்படத்திலும் இல்லாத கடலில் ஓடியது.

இந்த வாசிப்புக்கும் ஒரு குறை உண்டு. இயக்குநரின் தொடர்ச்சியைச் சொன்னாலும், படத்தில் எது பந்துலுவின் முடிவு, எது நட்சத்திரத்தின் முடிவு என்று பிரித்துக் காட்ட அதனால் முடியாது. எம்.ஜி.ஆர். படங்களில் பாடல் வரி முதல் சண்டைக்காட்சி வரை அவர் கவனம் படியாத இடம் குறைவு என்பது அக்காலத்தவர் பலரும் பதிவுசெய்தது. ஆர்.கே.சண்முகத்தின் வசனத்தில் மதங்கொண்ட யானையையும் சீறும் சிங்கத்தையும் வைத்து நம்பியாரும் எம்.ஜி.ஆரும் மோதிக்கொள்ளும் இடம் இன்றும் வாயில் நிற்கிறது என்றால், அதில் எழுதியவருக்கு எவ்வளவு பங்கு, சொன்னவர்களுக்கு எவ்வளவு என்று யார் அளப்பது?

கற்பனைக் கடல்

சோழர் கடற்படை 1025-இல் கடாரம் வரை சென்ற வரலாறு தமிழர்க்கு உண்டு. 1960-களில் குமுதம் இதழில் சாண்டில்யன் தொடராக எழுதிய ‘கடல் புறா’, கருணாகரத் தொண்டைமானைக் கடலோடி நாயகனாக்கி வாசகர்களைக் கட்டிப்போட்டது. இருந்தும் தமிழ்த் திரை அந்தக் கடலுக்குள் இறங்கவில்லை. செலவு ஒரு காரணம் என்பது வெளிப்படை. கற்பனை நாட்டுக்கு எந்த உடையும் பொருந்தும். கல்வெட்டைக் காட்டி யாரும் தவறு சொல்ல முடியாது. தணிக்கைக்காரரும் எந்த அரசைக் குறிக்கிறது என்று கேட்க முடியாது. ராஜா ராணிப் படங்களின் மரபு இதைத்தான் செய்துவந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950), ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ (1956) போன்றவை அதன் முன்னோடிகள்.

கடலைப் பார்த்திராத வாசகனுக்கு அந்தக் கற்பனைக் கடல் புதிதுமல்ல. 1960 முதல் ‘தினத்தந்தி’ நாளிதழில் சிந்துபாத்தின் பயணங்களைச் சொல்லும் ‘கன்னித்தீவு’ படக்கதை நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. படத்தில் அடிமைகள் கொண்டுசெல்லப்படும் தீவுக்கும் கன்னித்தீவு என்றே பெயர். படக்கதையிலிருந்து பெயர் எடுக்கப்பட்டதா என்பது இங்கே முக்கியமல்ல. டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்தவருக்கு அந்தப் பெயர் ஐந்தாண்டுப் பழக்கம் என்பதுதான் முக்கியம். பொழுதுபோக்குப் படம் என்று ஒதுக்கும் விடை இந்த இடத்தில் தன்னை அறியாமல் ஓர் உண்மையைத் தொடுகிறது. மக்கள் படத்துக்குக் கொண்டுவந்த முன்னறிவு கட்சித் துண்டறிக்கையிலிருந்து மட்டும் வரவில்லை. படக்கதையிலிருந்தும் தொடர்கதையிலிருந்தும் தெருக்கூத்திலிருந்தும் வந்தது.

மலையடிவாரத்துப் பார்வை

நகரத் திரையரங்குகளின் நூறு நாள் விழாக்களை வைத்தே இந்தப் படத்தின் வரவேற்பு பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எம்.ஜி.ஆர். படங்களின் பெரும் பார்வையாளர் கூட்டம் உள்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. நகரங்களில் ஓடி முடித்த பிரதிகள் அங்கே கொட்டகைகளுக்கும் டூரிங் டாக்கீஸ்களுக்கும் மாதக்கணக்கில் தாமதமாக வந்துசேரும். எடுத்துக்காட்டாக, கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணைப் பக்கமுள்ள வடக்கனந்தல் அத்தகைய நிலப்பரப்பில் இருக்கிறது. 1965-இல் அது தென்னாற்காடு மாவட்டத்தின் உள்பகுதி. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான். கடலூர்க் கடற்கரை அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவு தொலைவு.

இங்கிருந்து பார்த்தால், ஆய்வுகள் அதிகம் கவனிக்காத ஒரு பக்கம் தெரிகிறது. படத்தின் அடிமைகள் தீவுத் தலைவனுக்குக் கூலியில்லாமல் உழைக்கிறார்கள்; வாக்குக் கொடுத்து ஏமாற்றப்படுகிறார்கள். நகரத்து விமர்சகருக்கு இது ஹாலிவுட்டிலிருந்து வந்த காட்சி. ஆனால் கல்வராயன் மலையில் அப்போது ஜாகிர்தார் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் மலையாளிப் பழங்குடியினர் வரி கட்டியும் ஊதியமின்றி உழைத்தும் வாழ்ந்தனர். நாடு விடுதலை பெற்ற பின்பும் முடியாத அந்த முறை 1976-இல்தான் ஒழிந்தது. திரையில் அடிமைகள் கப்பலேறித் தப்பிய ஆண்டில், மேலே மலையில் இருந்தவர்களுக்கு விடிவுக்கு இன்னும் பதினோரு ஆண்டுகள் பாக்கி இருந்தன.

இதை வைத்து, மலை மக்கள் படத்தைத் தங்கள் கதையாகக் கண்டார்கள் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். மலைக்கு அன்று சாலை வசதியே அரிது. எத்தனை பேர் கீழே இறங்கிக் கொட்டகைக்கு வந்திருப்பார்கள் என்பது தனிக் கேள்வி. ஆனால் கூலியில்லா உழைப்பு என்பது 1965-இல் தமிழ்ப் பார்வையாளர் பலருக்குக் கடல் கடந்த கற்பனை அல்ல, பக்கத்து நிலவரம் என்பதை மறுக்க முடியாது. பண்ணையாள் முறையும் கொத்தடிமை முறையும் வழக்கில் இருந்த காலம் அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் 1976-இல்தான். கட்சி உருவகம் என்ற விடையும் பிம்பம் என்ற விடையும் அடிமைத்தனத்தை ஒரு குறியீடாகவே எடுத்துக்கொண்டன. குறியீடாக எடுக்கத் தேவையில்லாதவர்களும் பார்வையாளர்களில் இருந்திருக்கக் கூடும் என்பது போதிய கவனம் பெறவில்லை.

மறுவெளியீடு தந்த புதுப்பொருள்

2014 மார்ச் 14 அன்று ‘ஆயிரத்தில் ஒருவன்’ டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானது. சென்னையில் வெள்ளிவிழா கண்டது. அப்போது நாயகி தமிழ்நாட்டின் முதலமைச்சர். ஏப்ரல் 24 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி தமிழகத்தின் 39 இடங்களில் 37-ஐ வென்றது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இணைந்து நடித்த 28 படங்களில் இதுவே முதலாவது என்பதால், எம்.ஜி.ஆர். பின்னாளில் தி.மு.க.வை விட்டு வந்து தொடங்கிய அ.தி.மு.க. வரலாற்றின் முதல் அத்தியாயம் போல இது பார்க்கப்பட்டது. 1965-இன் பார்வையாளருக்கு ஜெயலலிதா ‘வெண்ணிற ஆடை’யில் அப்போதுதான் அறிமுகமாகியிருந்த பதினேழு வயதுப் பெண், கட்சி என்றால் அவர்களுக்கு தி.மு.க. அதே காட்சி, எதிரெதிர் முகாம்களின் சொத்தாக மாறியது. படத்தின் அரசியல் படச்சுருளில் பதிந்திருக்கிறது என்று வாதிடுபவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

தீர்ந்ததும் தீராததும்

கதை எங்கிருந்து வந்தது என்பது தீர்ந்துவிட்ட பிரச்சினை. அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. கட்சி உருவகம் என்ற விளக்கம், நோக்கத்தைப் பொறுத்தவரை பலவீனமானது. பிற்காலப் பயன்பாட்டைப் பொறுத்தவரை செல்லுபடியாகக் கூடியது. பிம்பக் கோட்பாடே இவற்றுள் விரிவானது; ஆனால் அந்த விரிவாலேயே இந்த ஒரு படத்தைப் பற்றிக் குறைவாகச் சொல்கிறது. ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தோடு வைத்துப் பார்க்கும் இயக்குநர்வழி வாசிப்புக்கு இன்னும் உழைப்பு தேவை; பந்துலுவின் கன்னடப் படங்களையும் சேர்த்துப் பார்க்காமல் அது முழுமை பெறாது. 1961-இல் அவர் கன்னடத்தில் எடுத்த ‘கித்தூர் சென்னம்மா’வும் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவரின் கதைதான்.

உண்மையில் திறந்தே கிடப்பது பார்வையாளர் பக்கம். திரையரங்குக்குள் என்ன நடந்தது என்பதை வசூல் கணக்கும் விமர்சனமும் சொல்லாது. டிக்கி மதுரையில் செய்ததைப் போன்ற விசாரணை, உள்நாட்டுச் சிற்றூர்களிலும் மலையடிவாரங்களிலும் நடக்க வேண்டும். கேட்க வேண்டியது எம்.ஜி.ஆரைப் பிடிக்குமா என்பதல்ல, அந்த அடிமைகள் யாரைப் போல இருந்தார்கள் என்பது. அந்த ஆண்டு பத்து வயதில் கொட்டகை மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவருக்கு இப்போது எழுபது வயதாகிறது. திரைப்பட ஆய்வில் ஈடுபடும் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போவதற்கு இதுவே தக்க நேரம்.